நாற்பத்தாறு சிகரங்களும் நான்கு பிழைகளும்

நியூயார்க் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே அடிரான்டாக் மலைகள் பரந்து கிடக்கின்றன. அந்த மாநிலத்தின் மிக உயரமான சிகரங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. நான்காயிரம் அடியைத் தாண்டியவை என்று 46 சிகரங்களைச் சொல்லும் பட்டியல் ஒன்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. நாற்பத்தாறையும் ஏறி முடிப்பதை இலக்காக வைத்துக்கொண்டு வார விடுமுறைகளையும் கோடைகளையும் அதற்கென ஒதுக்குகிறவர்கள் ஏராளம். முடித்தவர்களின் தொகை பத்தாயிரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் பட்டியலில் உள்ள நான்கு சிகரங்கள் நான்காயிரம் அடியை எட்டவே இல்லை. ப்ளேக், கிளிஃப் ஆகிய இரண்டும் 3,960 அடி. நை 3,895 அடி. கூக்சக்ராகா 3,820 அடி. 1950களில் நடந்த அரசு நில அளவையில் இது தெரியவந்தது. அதே அளவையில், பட்டியலுக்கு வெளியே நின்ற மெக்நாட்டன் என்ற சிகரம் 4,000 அடி என்று பதிவாயிற்று. பிழை எல்லோருக்கும் தெரிந்த பிறகும் பட்டியல் மாறவில்லை. நான்கு சிகரங்களும் நீக்கப்படவில்லை, மெக்நாட்டன் சேர்க்கப்படவும் இல்லை. இன்றைக்கும் நாற்பத்தாறு என்றால் அந்தப் பழைய நாற்பத்தாறுதான்.

அறிவியல் மனம் கொண்ட எவருக்கும் இது உறுத்தும். அளவீடு தவறு என்று நிரூபணமான பின்பும் அதை வைத்துக்கொண்டிருப்பது மரபின் மேல் கொண்ட மூடப்பற்று என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இலக்கு என்பது மனித மனத்திலும் உடலிலும் எப்படி வேலை செய்கிறது, ஒரு மலையுச்சியின் மண் மனிதக் காலடியை எப்படித் தாங்குகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. மலைகளின் உயரத்தை வரிசைப்படுத்தும் அட்டவணையாக இந்தப் பட்டியல் பிழையானது. மனிதர்களின் முயற்சிக்கு ஒரு வடிவம் தரும் கருவியாக அது மிகச் சரியானது. அதைத் திருத்தாமல் விட்டதும் நல்லதே. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: இப்படியொரு கோட்டை வரைந்தவர்கள், அந்தக் கோடு மலைக்குச் செய்யும் சேதத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுவ முடியும்.

பட்டியல் பிறந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1918 ஆகஸ்ட் முதல் தேதி, பதினேழு வயது பாப் மார்ஷல், அவருடைய தம்பி ஜார்ஜ், அவர்கள் குடும்பத்தின் வழிகாட்டியான ஹெர்பர்ட் கிளார்க் ஆகிய மூவரும் வைட்ஃபேஸ் சிகரத்தில் ஏறினார்கள். பிறகு நான்காயிரம் அடிக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் ஏறிவிடுவது என்று முடிவு செய்தார்கள். எது தனிச் சிகரம், எது பக்கத்து மலையின் வெறும் தோள் என்று பிரித்தறிய ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள்: சுற்றிலும் குறைந்தது 300 அடி எழும்பியிருக்க வேண்டும், அல்லது அடுத்த சிகரத்திலிருந்து முக்கால் மைல் தள்ளியிருக்க வேண்டும். அன்றைக்குக் கையில் இருந்த வரைபடங்களை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள். முதலில் 42 என்று வந்தது. பிறகு நான்கு சேர்ந்து 46 ஆயிற்று. 1925 ஜூனில் எம்மன்ஸ் சிகரத்தில் ஏறியதோடு மூவரும் பட்டியலை முடித்தார்கள். ஏழு ஆண்டு ஆகியிருந்தது. இந்த ஏழு ஆண்டு என்பது முக்கியம். பின்னால் அதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். பாப் மார்ஷல் பின்னாளில் வனவியலாளராகி, 1935இல் காட்டுநிலப் பாதுகாப்புக்கான வில்டர்னஸ் சொசைட்டி என்ற அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரானார். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான மார்சியின் உயரம் 5,344 அடி, அதாவது 1,629 மீட்டர்.

நான்காயிரம் என்ற எண்ணுக்கு மலையில் எந்தப் பொருளும் கிடையாது. அடிரான்டாக் உச்சிகளின் பெரும்பகுதி அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்தப் பாறை, நிலவின் வெளிறிய மேட்டுநிலங்களில் காணப்படும் பாறை வகையைச் சேர்ந்தது. பூமிக்கடியில் ஆழத்தில் உறைந்த அது, பிற்காலத்தில் நிலம் குவிமாடம்போல் மேலெழுந்ததால் வெளிப்பட்டது. பனியுகத்தின் பனிப்பாளங்கள் அதைச் சீவிச் செதுக்கின. இந்த நிகழ்வுகளில் எதுவும் நான்காயிரம் அடியில் நின்று திரும்பவில்லை. மரங்கள் குட்டையாகி மறைவதும் அந்த உயரத்தில் அல்ல, அதற்கு இன்னும் பல நூறு அடி மேலே. கோடு முழுக்க முழுக்க மனிதனின் பத்தடிமான எண்முறையும் அடி என்ற அளவும் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்கா மீட்டர் முறையைப் பின்பற்றியிருந்தால் 1,219 மீட்டர் என்ற எல்லையை யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். 1,200 என்றுதான் வைத்திருப்பார்கள். அப்போது 1,207 மீட்டர் உயரமுள்ள ப்ளேக்கும் கிளிஃபும் எந்தக் குறையும் இல்லாமல் பட்டியலில் இடம்பெற்றிருக்கும். நையும் கூக்சக்ராகாவும் அப்போதும் வெளியேதான் நின்றிருக்கும். பிழை எது, சரி எது என்பதே கையில் எடுத்த அளவுகோலைப் பொறுத்து மாறுகிறது.

ஸ்காட்லாந்தில் வேறு வழி பின்பற்றப்படுகிறது. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891இல் சர் ஹியூ மன்ரோ பட்டியலிட்டார். இன்றும் அவர் பெயராலேயே அவை மன்ரோக்கள் என்று அழைக்கப்படுகின்றன. அங்கே அளவீடு துல்லியமாக ஆக, பட்டியலும் திருத்தப்படுகிறது. 2009இல் ஒன்று, 2012இல் இன்னொன்று என்று மறு அளவையில் சில அடி குறைந்துபோன இரண்டு மலைகள் நீக்கப்பட்டு, 284 ஆக இருந்த எண்ணிக்கை 282 ஆயிற்று. அளவை அறிவியலின் பார்வையில் ஸ்காட்லாந்தின் நேர்மை பாராட்டத்தக்கது. அப்படியானால் நியூயார்க்கின் பிடிவாதத்தை எப்படி நியாயப்படுத்துவது? முதலில், இலக்கு என்பது எதற்காக என்று கேட்க வேண்டும்.

எட்வின் லாக், கேரி லேத்தம் ஆகிய இரு உளவியலாளர்கள் இலக்குகளைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுகளிலிருந்து அவர்கள் வந்தடைந்த முடிவு எளிமையானது: "முடிந்தவரை நன்றாகச் செய்" என்று சொல்வதைவிட, குறிப்பான, கடினமான, ஆனால் எட்டக்கூடிய ஓர் இலக்கைக் கொடுத்தால் மனிதர்கள் பெரும்பாலும் அதிகம் செய்கிறார்கள். லேத்தமின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று காட்டோடு தொடர்புடையதே. ஓக்லஹோமாவில் மரம் வெட்டி லாரியில் ஏற்றும் தொழிலாளர்கள், சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அளவுக்கே ஏற்றிவந்தார்கள். 94 விழுக்காடு என்ற இலக்கைச் சொன்ன பிறகு, கூடுதல் ஊதியம் எதுவும் இல்லாமலே, சில மாதங்களில் அது 90 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. அந்த 94 என்ற எண்ணிலும் இயற்கையின் முத்திரை எதுவும் இல்லை. எண் தெளிவாக இருந்தது, எட்டியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. "நிறைய மலை ஏற வேண்டும்" என்று நினைப்பவர் எப்போது நிறுத்துவது, அடுத்து எங்கே போவது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும். நாற்பத்தாறு என்று வைத்துக்கொண்டவருக்கு அந்தக் கேள்விகள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டன.

எண்கள் நம்மை ஆளும் விதத்துக்கு மாரத்தான் ஓட்டத்தில் நல்ல சான்று இருக்கிறது. எரிக் ஆலன், பேட்ரிசியா டெக்காவ், டெவின் போப், ஜார்ஜ் வூ ஆகிய நான்கு ஆய்வாளர்களும் ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் ஓட்டங்களின் முடிவு நேரங்களைத் திரட்டினார்கள். உடல் திறன் மட்டுமே காரணம் என்றால் அந்த நேரங்கள் சீராகப் பரவியிருக்க வேண்டும். ஆனால் நான்கு மணி நேரம் போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்துகிடந்தார்கள். எண்ணைத் தாண்டியதும் கூட்டம் சட்டென்று குறைந்தது. 3:59க்கும் 4:01க்கும் இதயத்திலோ நுரையீரலிலோ வேறுபாடு இல்லை. மனம் ஓர் எண்ணைத் தன் எல்லைக்கல்லாக நட்டுவிட்டால், அதை எட்டாமல் நிற்பதை இழப்பாக உணர்கிறது. இழப்பைத் தவிர்க்க உடலின் சேமிப்பையும் எடுத்துச் செலவழிக்கிறது. எல்லைக்கல் எங்கே நடப்பட்டது என்பதைவிட, அது அசையாமல் நிற்கிறது என்பதே இங்கே வேலை செய்கிறது. நாற்பத்தைந்தாவது சிகரத்தில் நிற்பவரிடம் பட்டியல் மாறிவிட்டது என்று சொன்னால், இந்த இயக்கமே சிதைந்துபோகும்.

நெடுந்தூர இலக்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உணவை நெருங்க நெருங்க எலிகள் வேகம் கூட்டுவதை 1930களில் உளவியலாளர் கிளார்க் ஹல் கண்டார். மனிதர்களிடமும் அப்படித்தான்: பத்துக் காப்பி வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அட்டையில், கடைசிக் கட்டங்களை நெருங்கும்போது மக்கள் அடிக்கடி வாங்குகிறார்கள் என்று ரான் கிவெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் காட்டினார்கள். தொடக்கத்தில் உற்சாகம், முடிவில் வேகம், நடுவில் தொய்வு என்பதே பொதுவான வடிவம். நாற்பத்தாறில் பதினைந்தாவதோ இருபத்தைந்தாவதோ ஏறும்போதுதான் பலர் கைவிடுகிறார்கள் என்றால் வியப்பில்லை. இதற்குத் தீர்வை உளவியலாளர்கள் ஆல்பர்ட் பாண்டுராவும் டேல் ஷங்கும் 1981இல் வகுப்பறையில் கண்டார்கள். கணக்கில் பின்தங்கிய குழந்தைகளுக்கு ஏழு அமர்வுகளில் 42 பக்கங்களை முடிக்க வேண்டும் என்ற தொலைதூர இலக்கு ஒரு குழுவுக்குத் தரப்பட்டது. அமர்வுக்கு ஆறு பக்கம் என்ற அருகிலுள்ள இலக்கு இன்னொரு குழுவுக்கு. அருகிலுள்ள இலக்கைப் பெற்றவர்கள் கணக்கில் தேறினார்கள். தங்கள் திறமையில் நம்பிக்கை பெற்றார்கள். கணக்கின் மேலேயே ஆர்வம் கொண்டார்கள். அடிரான்டாக் பட்டியல் இயல்பாகவே இப்படிப் பிரிந்து கிடக்கிறது: சீவர்ட் தொடரில் நான்கு, டிக்ஸ் தொடரில் ஐந்து, சான்டனோனி தொடரில் மூன்று. ஒவ்வொரு தொடரையும் ஒரு சிற்றிலக்காக எடுத்துக்கொள்பவருக்கு நடுவழித் தொய்வு என்பது அநேகமாக இல்லை.

மனத்துக்குப் பொருந்தும் இந்த அமைப்பு உடலுக்கும் பொருந்துகிறது. மார்சியின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருக்கும். ஆக்சிஜன் குறைவால் வரும் மலைநோய்க்கு இங்கே பெரும்பாலும் இடமில்லை. உடலைச் சோதிப்பவை நீளமான நடை, வேரும் சேறும் உருண்டைக்கல்லும் நிறைந்த பாதை, செங்குத்தான இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றாலும் தசையை அதிகம் புண்படுத்துவது இறக்கம்தான். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுகி, உடலின் எடைக்குத் தடை போட வேண்டியிருக்கிறது. இந்த வகைச் சுருக்கம் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்க முடியாமல் வலிப்பது இதனால்தான். ஆனால் ஒருமுறை இப்படிப் புண்பட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலையை மிகக் குறைந்த சேதத்துடன் தாங்குகிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. தசை வாரக்கணக்கில் தேறுகிறது. தசைநாண்களும் எலும்பும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பலம் பெறுகின்றன. ஆகவே இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப, எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறும் நீண்ட திட்டம் உடலின் காலத்தோடு ஒத்துப்போகிறது. மார்ஷல் சகோதரர்கள் எடுத்துக்கொண்ட ஏழு ஆண்டு தற்செயலாக நல்ல பாடமாகிவிட்டது. இந்தப் பட்டியலுக்குக் காலக்கெடு இல்லை. அதன் மிகப் பெரிய அறிவு அதுதான்.

இனி எதிர்ப்புகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, எண்ணிக்கை மலையின் இன்பத்தைக் கெடுக்கும் என்பது. இது வெறும் கவிமனத்தின் முறையீடு என்று தள்ளிவிட முடியாது. ஆய்வாளர் ஜோர்டன் எட்கின் 2016இல் வெளியிட்ட ஆய்வுகளில், தாங்கள் செய்வதை எண்ணிக்கொண்டே செய்தவர்கள் அதிகம் செய்தார்கள், ஆனால் குறைவாக அனுபவித்தார்கள். எண்ணிக்கை விளையாட்டை வேலையாக மாற்றிவிடுகிறது. நடக்கும்போது எத்தனை அடி வைத்தோம் என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது முழுக்கப் பொருந்தும். ஆனால் சிகரப் பட்டியலில் எண்ணிக்கை ஒரு நாளுக்கு ஒருமுறையோ சில முறையோதான் கூடுகிறது. இடைப்பட்ட பத்து மணி நேரத்தில் எண்ண எதுவும் இல்லை. அதோடு, நாற்பத்தாறையும் முடித்த முதல் பெண்ணான கிரேஸ் ஹடோவால்ஸ்கி இதற்கு ஒரு மாற்றை நிறுவிக் காட்டினார். 1937இல் பட்டியலை முடித்த அவர், பின்னர் பல பத்தாண்டுகள் நாற்பத்தாறு முடித்தவர்களின் சங்கத்துக்காகப் பதிவாளராக இருந்தார். ஏறியவர்கள் ஏறியதை எழுதி அனுப்ப வேண்டும். வெறும் பெயரும் தேதியும் போதாது, என்ன கண்டார்கள், எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். அவர் பதில் எழுதுவார். இப்படி ஆயிரக்கணக்கான கடிதங்கள் சேர்ந்தன. எழுத வேண்டும் என்று தெரிந்தவர் வழியில் கவனித்துப் பார்க்கிறார். எண்ணிக்கையோடு, கண்டதைச் சொல்லும் கடமையையும் சேர்த்துவிட்டால் அது பார்வையைக் கூர்மையாக்குகிறது. டிக்ஸ் தொடரின் சிகரம் ஒன்றுக்கு 2014இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

இரண்டாவது எதிர்ப்பு, இலக்கு மனிதரைக் குருடாக்கும் என்பது. 2009இல் லிசா ஒர்டோன்யஸும் உடன் ஆய்வாளர்களும் இலக்குகளின் பக்கவிளைவுகளைத் தொகுத்து எச்சரித்தார்கள்: குறுகலான இலக்கு மற்றவற்றின் மேலிருந்து கவனத்தை அகற்றுகிறது, அபாயத்தை ஏற்கத் தூண்டுகிறது. மலையில் இது உயிர்ப்பிரச்சினை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. அடிவாரத்தில் இதமாக இருக்கும் கோடை நாளிலும் உச்சியில் காற்றும் மழையும் சேர்ந்தால் நனைந்த உடை உடலின் சூட்டை வேகமாக உறிஞ்சி, நடுக்கத்திலிருந்து குழப்பத்துக்கும் குழப்பத்திலிருந்து மயக்கத்துக்கும் இட்டுச்செல்லும். "இன்னும் அரை மைல்தானே" என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில்தான் ஆளை இழுக்கிறது. மாரத்தானில் நான்கு மணி என்ற எல்லைக்கல்லுக்கு முன் சேமிப்பைச் செலவழிக்க வைத்த அதே இயக்கம் இது. இந்த எதிர்ப்பை நான் முழுவதுமாக ஏற்கிறேன். விடை, இலக்கின் அமைப்பிலேயே இருக்க வேண்டும். கெடு இல்லாத பட்டியலில் திரும்பி வருவதன் விலை ஒரு நாள் மட்டுமே. சிகரம் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். "இந்தக் கோடைக்குள் நாற்பத்தாறு" என்று தானே ஒரு கெடுவைச் சேர்த்துக்கொள்பவர் அந்தப் பாதுகாப்பை வெட்டி எறிகிறார். லாக், லேத்தம் மரபின் ஆய்வுகளே இன்னொன்றையும் காட்டுகின்றன: புதிய, சிக்கலான வேலையில் எண் இலக்கைவிடக் கற்றல் இலக்கே நல்ல பலன் தருகிறது. ஆகவே தொடக்கநிலையில் இருப்பவருக்கு "ஐந்து சிகரம்" என்பதைவிட "வரைபடம் படிக்க, வானிலை கணிக்க, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவுசெய்து அதில் நிற்கக் கற்பது" என்பதே சரியான முதல் இலக்கு.

மூன்றாவது எதிர்ப்பே எல்லாவற்றிலும் வலுவானது: பட்டியல் மலையை அழிக்கிறது. அடிரான்டாக்கின் மிக உயர்ந்த சில உச்சிகளில் மட்டும் மரமில்லாத குளிர்ப்பகுதி இருக்கிறது; மொத்தமாகச் சேர்த்தாலும் இருநூறு ஏக்கர் தேறாது. பனிப்பாளங்கள் வடக்கே பின்வாங்கியபோது அவற்றின் விளிம்பில் பரவிய ஆர்க்டிக் தாவரங்களின் வழித்தோன்றல்கள் அங்கே தங்கியிருக்கின்றன: மெத்தைபோல் படரும் டையபென்சியா, குட்டைக் கோரைகள், ஆர்க்டிக் வகை ரோடோடென்ட்ரான். வளரும் பருவம் மிகக் குறுகியது, மண் மெல்லியது, ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில்தான் இவை வளர்கின்றன. காற்றையும் பனியையும் தாங்கும் இந்தச் செடிகளால் காலணியைத் தாங்க முடியாது. செடி செத்தால் வேர்ப்பிடி போகும். வேர்ப்பிடி போனால் அடுத்த மழையில் மண் போகும். மண் போனால் வெறும் பாறைதான் மிஞ்சும். 1960களிலிருந்து இந்தச் சேதத்தை ஆராய்ந்த தாவரவியலாளர் எட்வின் கெட்ச்லெட்ஜ், புல்விதை தூவி உரமிட்டு மண்ணை இருத்திவைக்க முயன்றார். மரக்கோட்டுக்குக் கீழேயும் நிலைமை நல்லதாக இல்லை. பட்டியலில் ஏறத்தாழ இருபது சிகரங்களுக்கு முறையான பாதையே இருந்ததில்லை. ஆளுக்கொரு வழியில் ஏறியதால் ஒரே சரிவில் பல தடங்கள் கீறிக்கிடந்தன. பட்டியல் இல்லையென்றால் கூக்சக்ராகாவுக்கு எத்தனை பேர் போயிருப்பார்கள்? உயரமும் இல்லாத, பெரிய காட்சியும் இல்லாத, சதுப்பைக் கடந்து போக வேண்டிய அந்த உச்சியை மிதித்தது பிழையான ஓர் எண்தான்.

ஆனால் சேதத்தின் கணக்கு நாம் நினைப்பதுபோல் நேர்கோட்டில் போவதில்லை. மனிதர் மிதிப்பதால் தாவரங்களுக்கு நேர்வதை டேவிட் கோல் போன்ற ஆய்வாளர்கள் சோதனைத் தடங்கள் அமைத்து அளந்திருக்கிறார்கள். முதல் சில நூறு காலடிகளிலேயே பெரும்பகுதிச் சேதம் நடந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் ஆயிரங்கள் சேர்ப்பது ஒப்பளவில் கொஞ்சம். அதாவது, ஒரே தடத்தில் ஆயிரம் பேர் நடப்பதைவிட, பத்துத் தடங்களில் நூறு நூறு பேர் நடப்பது நிலத்துக்குக் கெடுதல். கூட்டத்தைப் பரப்பிவிட வேண்டும் என்ற பொதுப்புத்திக்கு நேர் எதிரானது இது. இந்த அறிவைக் கையில் எடுத்தால் தீர்வு தெளிவாகிறது: கூட்டத்தை ஒருமுகப்படுத்து, தடத்தைக் கெட்டிப்படுத்து, தடத்தை விட்டு விலகாதே. அடிரான்டாக்கில் நடந்ததும் அதுதான். நாற்பத்தாறு முடித்தவர்களின் சங்கமும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து, பாதையில்லாச் சிகரங்களில் சிதறிக்கிடந்த தடங்களை மூடி ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரே ஒரு தடத்தை நிலைநிறுத்தின. உச்சிகளில் பெயர் எழுத வைத்திருந்த பதிவேட்டுக் குப்பிகளும் அகற்றப்பட்டன. கெட்ச்லெட்ஜின் முயற்சியால் 1990ஐ ஒட்டித் தொடங்கிய உச்சிக் காவலர் திட்டத்தில், பயிற்சி பெற்றவர்கள் கோடை முழுக்க உச்சிகளில் நின்று, வருகிறவர்களிடம் பாறைமேல் மட்டும் காலை வையுங்கள் என்று விளக்குகிறார்கள். இதுவரை அவர்கள் பேசியிருப்பது பல இலட்சம் பேரிடம். வேலி போடாமல், தண்டம் விதிக்காமல், பேச்சின் பலத்தால் செடிகள் மீண்டுவருவதை ஒரே இடத்தை ஆண்டுகள் கடந்து எடுத்த ஒளிப்படங்கள் காட்டுகின்றன. பனி உருகி மண் குழைந்திருக்கும் வசந்தகாலத்தில் உயரமான பாதைகளைத் தவிர்க்குமாறு மாநிலம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது.

சேதம் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பிறகு தட்டையாகும் இந்த வளைகோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு பிழைகளுக்கு வருவோம். பட்டியலைத் துல்லியமாகத் திருத்துவது என்றால் இரண்டு வேலைகள்: நான்கை நீக்க வேண்டும், மெக்நாட்டனைச் சேர்க்க வேண்டும். நீக்கினால் ஏற்கெனவே கெட்டிப்பட்ட நான்கு தடங்களில் நடை குறையும். அதனால் கிடைக்கும் நன்மை மெதுவாக, சிறிதாகவே வரும். சேர்த்தால் இதுவரை அதிகம் மிதிபடாத ஒரு சரிவில் முதல் சில நூறு காலடிகள் விழும். மிகக் கொடிய சேதம் அந்தத் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அதோடு நிற்காது. அளவைக் கருவிகள் மேம்படும் ஒவ்வொரு தலைமுறையிலும் எல்லையை ஒட்டிய சிகரங்கள் உள்ளே வரும், வெளியே போகும். மெக்நாட்டனின் உயரமே பிற்கால அளவைகளில் நான்காயிரத்துக்குக் கீழே இறங்கியது. 1950களில் அவசரப்பட்டுச் சேர்த்திருந்தால், ஒரு காட்டுச் சரிவை வீணாக மிதித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டு நீக்க வேண்டியிருந்திருக்கும். மாறாத பட்டியல் சேதத்தை ஏற்கெனவே சேதமான இடங்களுக்குள் கட்டிப்போடுகிறது. பட்டியலைக் காத்தவர்கள் மரபை நினைத்துச் செய்தது, சூழலியலின் கணக்கிலும் சரியாக வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் திறந்த மேய்ச்சல் குன்றுகளுக்கு ஏற்ற துல்லியம் அடிரான்டாக்கின் அடர்காட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே எந்த மாநிலத்தின், எந்த நாட்டின் உயர்ந்த சிகரங்களை இலக்காக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கும் இந்தப் பட்டியல் சொல்லும் பாடம் ஒன்றுதான். எண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அது தெளிவாகவும் அசையாமலும் இருக்கட்டும். அதைச் சிறு சிறு தொடர்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கெடுவை மட்டும் சேர்க்காதீர்கள், ஏனெனில் தசைக்கும் எலும்புக்கும் வானிலைக்கும் நம் நாட்காட்டி தெரியாது. புதிதாகப் பட்டியல் போடுகிறவர்களுக்கு இன்னும் கடுமையான கட்டளை உண்டு: ஒரு சிகரத்தின் பெயரை எழுதுவதற்கு முன், அங்கே நல்ல தடம் இருக்கிறதா, அந்தத் தடத்தைப் பராமரிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். விடை இல்லையென்றால் அந்தப் பெயரை எழுதக் கூடாது. 1918இல் மூன்று பேருக்கு இந்தக் கேள்வி எழவில்லை. மூன்று பேரின் காலடியை அந்தக் காடு எளிதில் தாங்கிக்கொண்டது. பத்தாயிரம் பேர் பின்னால் வந்தபோது, அவர்களில் பலர் மண்வெட்டியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு தடம் செப்பனிடத் திரும்பி வந்தார்கள். சிகரம் ஏறுவதை இலக்காக வைத்தவர்களின் கடன் நாற்பத்தாறாவது உச்சியோடு தீர்வதில்லை. ஏறிய பாதைக்கு அவர்கள் செய்யும் வேலையும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது.